மாமனாருக்குச் சிறுநீரகக் குறைபாடு: சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவற்றுள் எதைக் குறைப்பது?

கேட்பவர்: குடியாத்தம் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு வயது 62. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தமும் இருக்கின்றன. சென்ற மாதப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.9 என்றும், சிறுநீரக வடிகட்டும் திறன் (ஈ.ஜி.எஃப்.ஆர்.) 39 என்றும், சிறுநீரில் அல்புமின் (கசியும் புரதம்) விகிதம் 420 என்றும் வந்தன. மூன்றாம் நிலையின் பிற்பகுதி என்று மருத்துவர் கூறினார். இரத்தப் பொட்டாசியம் நான்கு மாதங்களுக்கு முன் 4.8 ஆக இருந்தது, இப்போது 5.6. பாஸ்பரஸ் 4.1. பழங்களைக் குறைத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்து மீண்டும் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்ட்டன் மாத்திரை தொடர்கிறது.

வீட்டில் சமைப்பவள் நான். எங்கள் உறவினர் ஒருவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். அவருக்குக் கொடுக்கப்பட்ட உணவுத் தாளை நகலெடுத்து எங்களிடம் தந்தார். அதன்படி கீரை, பருப்பு, பழம், கேழ்வரகு ஆகிய அனைத்தையும் நிறுத்திவிட்டேன். காய்களை எல்லாம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுகிறேன். ஐம்பது ஆண்டுகளாகக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டு வளர்ந்தவர், இப்போது வெறும் சோற்றைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். மூன்று வாரத்தில் இரண்டு கிலோ எடை குறைந்திருக்கிறது. உப்பைப் பொறுத்தவரை நாங்கள் கவனமாகவே இருக்கிறோம். அடுத்த வீட்டு அம்மாள் சொன்னதன் பேரில் இரண்டு மாதமாகச் சோடியம் குறைந்த உப்பைத்தான் வாங்குகிறோம். வெயில் கடுமையாக இருப்பதால் தினமும் ஓர் இளநீர் கொடுத்து வந்தேன், அதையும் நிறுத்த வேண்டுமா என்று தெரியவில்லை.

நோய் வேகமாக முற்றாமல் இருக்க இந்தத் தாதுக்களில் எதை, எந்த அளவுக்குக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில்: காட்பாடி உணவியல்

சகோதரி, நான் மருத்துவமனை உணவுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள். முதலில் அந்த உப்புப் பாக்கெட்டை எடுத்து, பின்புறத்தில் உள்ள பொருட்பட்டியலைப் படித்துப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தால், உங்கள் மாமனாரின் 5.6-க்கான விடை பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது.

சோடியத்தைக் குறைப்பதற்காக அந்த உப்புகளில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். நூற்றுக்கு முப்பது பங்கு அப்படிச் சேர்க்கப்பட்டிருப்பதாகவும் ஒருவர் நாளொன்றுக்குப் பத்து கிராம் உப்பு உண்பதாகவும் வைத்துக்கொண்டால், உப்பின் வழியாக மட்டும் ஏறத்தாழ 1,570 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளே போகிறது. நடுத்தர அளவுள்ள வாழைப்பழங்கள் மூன்றரை முதல் நான்கு வரை தரும் அளவு அது. பழத்தை நிறுத்திவிட்டுப் பழத்தின் பொட்டாசியத்தை உப்பாகப் போட்டுச் சமைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் தவறாக எண்ணாதீர்கள். இதே பிழையைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடுத்த வீட்டு அம்மாள் சொன்னதும் பொய்யில்லை. சீனாவில் 600 கிராமங்களில் நடத்தி 2021-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில் அவ்வகை உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்விலேயே சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் அவ்வுப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றே கூறியது. டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரைகள் பொட்டாசியம் வெளியேறுவதைச் சற்றே குறைப்பவை. அத்துடன் இந்த உப்பும் தினமும் ஓர் இளநீரும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. நூறு மில்லி இளநீரில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதால், முந்நூறு மில்லி உள்ள ஒரு காயில் 750 வந்துவிடும். ஆகவே உப்பை மாற்றுங்கள், இளநீரை நிறுத்துங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; 420 என்ற அல்புமின் அளவுக்கு அந்த மாத்திரை மிகவும் வேண்டியது. உப்பு பற்றிய இந்தச் செய்தியை மருத்துவரிடம் இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பழத்தை நிறுத்தியும் எண் இறங்கவில்லையே என்று அவர் வேறு முடிவெடுக்கக் கூடும்.

அடுத்து, அந்த உணவுத் தாள். அது டயாலிசிஸ் செய்துகொள்பவருக்காக, அவருடைய இரத்த அளவுகளைப் பார்த்து எழுதப்பட்டது. சிறுநீரே வராத ஒருவருக்கும், நூற்றுக்கு நாற்பது பங்கு சிறுநீரகம் வேலை செய்கிற ஒருவருக்கும் ஒரே தாள் பொருந்தாது. மூன்றாம் நிலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டும் என்று இன்றைய வழிகாட்டு நெறிகள் சொல்வதில்லை. இரத்தத்தில் கூடியவர்களுக்கு மட்டும், கூடியதற்கான காரணத்தைத் தேடிய பிறகு குறைக்கச் சொல்கின்றன. மலச்சிக்கல், இரத்தத்தில் அமிலம் மிகுதல், கட்டுப்படாத சர்க்கரை ஆகியவையும் பொட்டாசியத்தை உயர்த்தும். கையை இறுகக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி எடுத்த இரத்தமும், எடுத்தபின் பல மணி நேரம் கிடந்து ஆய்வகத்துக்குப் போன இரத்தமும் இல்லாத பொட்டாசியத்தை இருப்பதாகக் காட்டும். காய்கறி நார் நின்றுபோனால் மலச்சிக்கல் வரும், மலச்சிக்கல் வந்தால் குடல் வழியாக வெளியேறும் பொட்டாசியமும் நின்றுபோகும். ஒரேயடியாகக் காயை நிறுத்துவதில் இப்படியும் ஒரு கேடு இருக்கிறது.

நோய் முற்றுவதைத் தடுப்பதில் எனக்கு ஐயமில்லாமல் முதலிடம் பெறுவது சோடியம்தான். சோடியம் மிகுந்தால் உடலில் நீர் தேங்கி இரத்த அழுத்தம் உயர்கிறது. வடிகட்டும் நுண்குழல் முடிச்சுகளுக்குள்ளும் அழுத்தம் கூடுவதால் அல்புமின் கசிகிறது. டெல்மிசார்ட்டன் தரவேண்டிய பயனும் குறைந்துபோகிறது. ஆஸ்திரேலியாவில் நடத்தி 2013-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், மூன்றாம் நான்காம் நிலையில் இருந்த இருபது பேர் இரண்டு வாரம் உப்பைக் குறைத்தபோது மேல் இரத்த அழுத்தம் சராசரியாகப் பத்துப் புள்ளி அளவுக்கு இறங்கியது, புரதக் கசிவும் குறைந்தது. ஒரு மாத்திரை செய்கிற வேலை அது. நாளுக்கு இரண்டு கிராமுக்குக் குறைவான சோடியம், அதாவது ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பு என்பது இலக்கு.

ஐந்து கிராமை யாரும் தராசில் நிறுத்துச் சமைக்க முடியாது. நான் நோயாளிகளின் வீட்டாரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: ஒரு கிலோ உப்பு உங்கள் வீட்டில் எத்தனை நாளுக்கு வருகிறது? நான்கு பேர் உள்ள வீட்டில் இருபது நாளில் தீர்ந்துவிட்டால் தலைக்குப் பன்னிரண்டரை கிராம். ஐம்பது நாளுக்கு வந்தால் ஐந்து கிராம். கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பு இந்தக் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான்.

பாஸ்பரஸ் 4.1 என்பது இயல்பான அளவு. அதற்காகப் பருப்பையும் கேழ்வரகையும் நிறுத்த வேண்டியதில்லை. தானியத்திலும் பருப்பிலும் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்னும் கட்டில் அடைபட்டிருக்கிறது. அதை உடைக்கும் நொதி நமக்கு இல்லாததால் பாதிக்கும் குறைவாகவே உடலில் சேர்கிறது. கூழாகப் புளிக்க வைத்தால் அந்தக் கட்டு ஓரளவு அவிழும், ஆகையால் கூழைவிடக் களி நல்லது என்று வேண்டுமானால் சொல்லலாம். இறைச்சி, பால் ஆகியவற்றிலிருந்து இன்னும் சற்று மிகுதியாகச் சேரும். உண்மையில் அஞ்ச வேண்டியது தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளை. அவற்றில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. பாக்கெட்டின் பொருட்பட்டியலில் 338 முதல் 343 வரையிலும் 450 முதல் 452 வரையிலும் உள்ள எண்களைத் தேடுங்கள். கோலா பானங்கள், பதப்படுத்திய பாலாடைக்கட்டி, உறைந்த இறைச்சி வகைகள், சில பேக்கரிப் பண்டங்கள் ஆகியவற்றில் அவை இருக்கும்.

களியை மீண்டும் கொடுங்கள், அளவை மட்டும் அவருடைய சர்க்கரைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் இறங்கும் வரை கீரையை வேகவைத்து நீரை வடித்துவிட்டுக் கடையலாம். கத்தரி, அவரை, சுரை, புடலை, வெள்ளரி போன்றவை அவருக்கு ஏற்றவை. நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கிக் கொடுத்தால் உப்புக் குறைந்தது தெரியாது.

பதில்: ஆரணி மூன்றாம் நிலை

நான் ஒன்பது ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்கிறவன். மேலே அம்மையார் எழுதியதில் உப்பைப் பற்றிய பகுதியை என் அனுபவமும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சோடியம் குறைந்த உப்பை விட்டதும் எல்லோரும் அடுத்துப் போய் நிற்கிற இடம் இந்துப்பு. சிறுநீரகத்துக்கு நல்லது என்று நாட்டு மருந்துக் கடையில் எனக்கும் அதையே கொடுத்தார்கள். இளஞ்சிவப்பு நிறத்தைத் தவிர அதில் பெரிய வேறுபாடு கிடையாது. அதுவும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடுதான். நல்லது என்ற நினைப்பில் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டதுதான் எனக்குக் கிடைத்த பயன். கல் உப்புக்கும் இதே கணக்குத்தான்.

நெஞ்செரிச்சலுக்காகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் வெண்ணிறத் திரவ மருந்துகளில் மெக்னீசியமும் அலுமினியமும் இருக்கின்றன. சிறுநீரகம் பழுதானவர்கள் அவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து குடித்தால் இரண்டும் உடலில் தேங்கும். இதை எனக்கு ஐந்தாவது ஆண்டில்தான் ஒருவர் சொன்னார். கால்சியம் மாத்திரையும் அப்படித்தான்: எலும்புக்கு நல்லது என்று தாமாக வாங்கி விழுங்கினால், அது எலும்பில் சேர்வதற்குப் பதிலாக இரத்தக் குழாய்ச் சுவரில் படியவும் கூடும்.

அம்மையாரிடம் எனக்கு ஒரு மாறுபாடும் உண்டு. பொட்டாசியத்தைப் பற்றி அவர் சற்று எளிதாகச் சொல்லிவிட்டார் என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சிறுநீரில் சோடியம் மிகுதியாக இருந்தவர்களுக்கு மட்டுமல்லாமல் பொட்டாசியம் மிகுதியாக இருந்தவர்களுக்கும் நோய் விரைவாக முற்றியது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இரத்த அளவு சரியாக இருந்தாலும் குறைத்துக்கொள்வதுதானே பாதுகாப்பு?

பதில்: காட்பாடி உணவியல்

ஐயா, நீங்கள் குறிப்பிடும் ஆய்வு உண்மையானதுதான். ஆயினும் வேறு சில நோயாளிக் குழுக்களில் இதற்கு எதிராக, பொட்டாசியம் மிகுதியாக உண்டவர்களுக்கே நோய் மெதுவாக நகர்ந்ததாகக் கண்டிருக்கிறார்கள். இவையெல்லாம் மக்கள் உண்டதைக் கவனித்து எழுதியவை. எதை உண்டதால் பொட்டாசியம் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கீரையிலும் காயிலும் வருவதற்கும், இறைச்சியிலும் பாக்கெட் உணவிலும் வருவதற்கும் வேறுபாடு உண்டு. காயும் பழமும் உடலில் காரத்தன்மையைக் கூட்டுகின்றன. சிறுநீரகம் தளர்ந்தவர்களின் இரத்தத்தில் அமிலம் தேங்குவதால், அந்தக் காரம் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. பொட்டாசியம் இயல்பாக உள்ள ஒருவரிடம் ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியலை அச்சத்தினால் பறிப்பதற்குப் போதுமான சான்று இல்லை என்பதே என் கருத்து. 5.6 உள்ளவரிடம் வேறு மாதிரி பேசுவேன். மேலே பேசியும் இருக்கிறேன்.

பாஸ்பரஸைப் பற்றியும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அது கூடினால் எலும்பும் இரத்தக் குழாயும் கெடும் என்பது உறுதியானது. ஆனால் அளவு இயல்பாக இருக்கும்போதே அதை மேலும் குறைத்தால் சிறுநீரகம் கூடுதல் நாள் உழைக்கும் என்று நிறுவப்படவில்லை.

பதில்: பாலாற்றங்கரை

உணவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள், நீரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் வாணியம்பாடிப் பக்கம் வேதியியல் ஆசிரியராக இருந்தவன். பாலாற்றைத் தண்ணீரில்லாத ஆறு என்று சொல்லி நம் வேலூர் வட்டாரத்தைக் கேலி செய்வார்கள், ஆனால் அந்த ஆற்றுப் படுகையில் நிலத்தடியில் இருக்கும் நீரில் என்ன இருக்கிறது என்பதுதான் நமக்குப் பெரிய கேள்வி. பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்பைத்தான் தேய்க்கிறார்கள். பதனிடுவதற்கு முன் அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் கழிவுநீரில் இறங்குகிறது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் கிணறுகள் உவர்த்துப் போன வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது.

சிறுநீரக நோயாளிக்கு இதன் பொருள் எளிமையானது. குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியம் இருந்தால்தான் நாக்குக்கு உவர்ப்பு தெரியத் தொடங்கும். அத்தகைய நீரை நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தால் 600 மில்லிகிராம் சோடியம், அதாவது ஒன்றரை கிராம் உப்பு, கணக்கில் வராமல் சேர்ந்துவிடும். ஐந்து கிராமில் ஒன்றரை என்பது சிறிதல்ல. காய்ச்சினால் உப்பு போகாது, நீர் ஆவியாவதால் சற்றுச் செறிவுதான் கூடும். கடின நீரை மென்மையாக்கும் கருவிகள் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றன என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் குழாயிலிருந்து குடிக்கவோ சமைக்கவோ கூடாது. சவ்வூடு வடிக்கும் ஆர்.ஓ. கருவி சோடியத்தைப் பெருமளவு நீக்கிவிடும். மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தரநிலை. வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறார்கள். குடியாத்தத்தில் உங்கள் வீட்டுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரா, நகராட்சி நீரா என்று தெரியவில்லை. கிணற்று நீர் என்றால் ஒருமுறை சோடியத்தையும் சேர்த்துப் பரிசோதித்துவிடுங்கள்.

கேட்பவர்: குடியாத்தம் மருமகள்

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்தருள வேண்டும். அம்மா சொன்ன அன்றே பாக்கெட்டைப் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு என்று சிறிய எழுத்தில் இருந்தது. மருத்துவரிடம் சொன்னபோது அவர் அதுவரை உப்பைப் பற்றித் தாம் கேட்காமல் போனதை ஒப்புக்கொண்டார். உப்பை மாற்றி, இளநீரை நிறுத்தி, இரண்டாம் வாரம் பார்த்ததில் பொட்டாசியம் 4.9. இரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 19 ஆகக் குறைந்திருந்ததால் சோடா மாத்திரை (சோடியம் பைகார்பனேட்), 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் நால்வர்தான். சாதாரண உப்பைத் திறந்த தேதியைப் பாக்கெட்டின் மேலேயே எழுதி வைத்தேன். இன்று முப்பத்தோராவது நாள், நானூறு கிராம் அளவுக்கு மிச்சம் இருக்கிறது. மாமியார்தான் கருவாட்டுக் குழம்பை விட்டுக்கொடுக்க மறுத்தார். இப்போது மாமனாருக்குத் தனியாகக் களியும் வடித்துக் கடைந்த கீரையும் வைத்துவிட்டு, கருவாடு வைக்கும் நாளில் அவர் தட்டை முன்னதாகவே எடுத்துவிடுகிறோம். குறைந்த எடையில் ஒரு கிலோ திரும்பியிருக்கிறது. எங்கள் கிணற்று நீரில் சோடியம் லிட்டருக்கு 160 என்று வந்ததால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. கருவியில் வடித்த நீருக்கு மாறிவிட்டோம்.

ஒரு ஐயம் மட்டும் மீதியிருக்கிறது. சோடா மாத்திரையிலும் சோடியம் இருக்கிறதே, இவ்வளவு பாடுபட்டுக் குறைத்ததை மாத்திரையாகத் திருப்பிக் கொடுப்பதா?

பதில்: காட்பாடி உணவியல்

நல்ல கேள்வி, சகோதரி. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 137 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. மூன்றுக்கு 411, அதாவது ஏறத்தாழ ஒரு கிராம் உப்பில் உள்ள அளவு. ஆனால் பைகார்பனேட்டோடு சேர்ந்து வரும் சோடியம், குளோரைடோடு சேர்ந்து வருவதைப் போல அவ்வளவாக இரத்த அழுத்தத்தை ஏற்றுவதில்லை. அமிலம் குறைந்தால் பொட்டாசியமும் சற்றுக் கீழே இறங்கும், தசையும் கரையாது. ஆகவே கொடுங்கள். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பாருங்கள், கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். வீக்கம் தெரிந்தாலோ, சில நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் கிரியேட்டினினோடு சிறுநீர் அல்புமினையும் கேட்டு வாங்குங்கள்; நீங்கள் உப்பில் செய்த மாற்றம் முதலில் தெரியப்போவது அந்த 420-இல்தான்.